இடது கால் இன்னும் வேலை கேட்கிறது

அன்புள்ள ஹாஃப் கிளட்ச்,

இந்தப் பெயரை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? ஓட்டப் பழகின நாளில் கிளட்ச் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டி, மூன்றே மாதத்தில் கிளட்ச் பிளேட்டைத் தீய்த்தவன் நீ. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபம் ஒரு காரணம், முழங்கால் இன்னொன்று. மின்சாரக் கார் வாங்கினாய், மகிழ்ச்சி. அதோடு நிற்காமல், "உன் ஓட்டை வண்டியை எப்போது தள்ளிவிடப்போகிறாய், கியர் போடுவதெல்லாம் தாத்தா காலத்து வேலை" என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் கோபம். முழங்கால் கதை இன்னும் மோசம். இடது முட்டி தேய்ந்துவிட்டதாம். எப்போது அதிகம் வலிக்கிறது என்று மருத்துவர் கேட்டார். நெரிசலில் கிளட்சை மிதிக்கும்போது என்றேன். "அப்படியானால் ஆட்டோமேட்டிக் வாங்குங்களேன்" என்று மாத்திரை எழுதித் தருவதுபோலச் சொல்லிவிட்டார். ஆக, அவரும் உன் கட்சி.

உன் பக்க நியாயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைத் தருகிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு அது முடியாது. சுற்று ஏறினால்தான் அதற்கு உயிர் வரும். கியர் பெட்டி என்பதே அந்தப் பலவீனத்துக்குக் கொடுத்த ஊன்றுகோல். அந்த ஊன்றுகோலைத்தான் நான் இத்தனை வருடமாகக் காதலித்துக்கொண்டிருக்கிறேன். 1928இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது, கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைத் தானே பொருத்திவிடும் அமைப்பு. அதற்கு முன்னால் ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதித்து, இன்ஜின் வேகத்தைக் காதாலேயே கணக்குப் பண்ண வேண்டும்; தப்பினால் பல்சக்கரம் கறகறவென்று ஊருக்கே சொல்லிவிடும். சிங்க்ரோமெஷ் வந்த அன்றைக்கும் எவனாவது ஒருவன், "இனிமேல் ஓட்டுவதில் என்ன இருக்கிறது" என்று அலுத்துக்கொண்டிருப்பான். நான் அவன் வம்சம்.

பாதுகாப்புக் கருவிகளோடும் எனக்குச் சண்டை இல்லை. 1959இல் வால்வோ மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்து, காப்புரிமையை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதைச் செய்த நில்ஸ் போலின், அதற்கு முன் விமானத்தில் விமானி வெளியே குதிக்க உதவும் இருக்கைகளைச் செய்துகொண்டிருந்தவர். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் ஒரு மழை நாளில் என்னையே காப்பாற்றியிருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும் என்ற கணக்கை, இருபது வயதில் நாம் இரண்டு பேருமே மதித்ததில்லை. உயிரோடு இருந்து கடிதம் எழுதிக்கொள்வது அதிர்ஷ்டம்தான்.

என் குறை வேறு. "நீ தேவையில்லை, சும்மா உட்கார்" என்று வண்டி சொல்கிறதே, அதுதான். மலைப்பாதையில் ஏறின கியரிலேயே இறங்கு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டும். இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும்போது இன்ஜின் முனகுகிற அந்தச் சத்தத்திலேயே சரிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். உன் காரும் காலை எடுத்தால் தானே வேகத்தைக் குறைத்து, பேட்டரியையும் நிரப்பிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் சத்தமில்லாமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்!

போன மாதம் வாடகைக்கு ஒரு புதுக் கார் எடுத்தேன். ஏசியைக் குறைக்கத் திரையில் மூன்று இடத்தைத் தொட வேண்டியிருந்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறோம். திரையை இரண்டு நொடி பார்த்தால் 44 மீட்டர் குருட்டு ஓட்டம். என் பழைய வண்டியில் ஏசி திருகு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும், கண்ணைக் கேட்க வேண்டியதில்லை. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் போடுகிற ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பே, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் வைக்கச் சொல்கிறது. நான் சொன்னால் கிழவன் புலம்பல் என்பாய்.

இப்போது விமானம். மகளைப் பார்த்துவிட்டு வரப் போன வாரம் பறந்தேன். ஜன்னல் இருக்கை, இறக்கைக்குச் சற்றே பின்னால். அதுதான் நல்ல இடம். இறங்கும்போது இறக்கையின் பின்னோரத்து ஃபிளாப்புகள் நீண்டு விரிவதும், சக்கரம் தரையைத் தொட்டதும் மேல்பக்கத்துப் பலகைகள் படக்கென்று எழுந்து, இறக்கை மேலே தூக்குவதைக் கெடுப்பதும் தெரியும். வெளியே மைனஸ் ஐம்பது டிகிரிக் குளிர், பதினோரு கிலோமீட்டர் உயரம். உள்ளே எல்லோரும் ஜன்னலை மூடிவிட்டுத் தொலைபேசி பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

விமானிகளிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. புறப்படும் முன் எடை, ஓடுபாதை, காற்று எல்லாம் பார்த்து வி-ஒன் என்று ஒரு வேகத்தைக் குறித்துக்கொள்வார்கள். அதைத் தாண்டிவிட்டால் ஒரு இன்ஜினே போனாலும் பிரேக் கிடையாது, மேலே ஏறியே ஆக வேண்டும். நாம் ஓவர்டேக் பண்ணும்போதும் அப்படி ஒரு புள்ளி இருக்கிறது, இல்லையா? பாதியில் மனசு மாறுகிறவன்தான் மாட்டிக்கொள்கிறான். உன் காரில் அந்தப் புள்ளி எனக்கு எங்கே வரும் என்றே தெரியவில்லை. மிதித்த மாத்திரத்தில் பாய்கிறது.

கிம்லி கதை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? 1983 ஜூலை 23, கனடாவில் ஒரு போயிங் 767. எரிபொருள் அளவி வேலை செய்யவில்லை. கையால் கணக்குப் போட்டார்கள், கிலோவுக்குப் பதில் பவுண்டில். 41,000 அடி உயரத்தில் பறக்கிறபோது எரிபொருள் தீர ஆரம்பித்து, சற்று நேரத்தில் இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. கேப்டன் பாப் பியர்சனுக்கு இன்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழக்கம். கிம்லியில் ஒரு பழைய விமானப்படைத் தளம் இருந்தது. உயரம் அதிகமாக இருந்ததால், கிளைடர்க்காரன்போல அந்தப் பெரிய விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு இறக்கினார். சுவாரசியம் என்னவென்றால், அந்த ஓடுபாதை அப்போது கார் பந்தயத் தடமாகிவிட்டிருந்தது. அன்றைக்கு ஒரு கார் சங்கத்தின் குடும்ப விழா வேறு. மூக்குச் சக்கரம் மடங்கி, உரசிக்கொண்டே வந்து நின்றது விமானம். மூக்கில் பிடித்த சின்னத் தீயை அணைத்தது யார் தெரியுமா? தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நம் ஆட்கள், கார் பந்தயக்காரர்கள். 69 பேரும் பிழைத்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2009 ஜூன் 1, ரியோவிலிருந்து பாரிசுக்குப் போன ஏர்பஸ் ஏ330. வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களில் பனி உறைந்து, தானியங்கி விமானி விலகிக்கொண்டது. குழாய்கள் ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டன. ஆனால் திடீரெனக் கைக்கு வந்த விமானத்தின் மூக்கை மேலே இழுத்துக்கொண்டே இருந்தார் ஒருவர். இறக்கை பிடிப்பு இழந்தது. அப்போது மூக்கைக் கீழே தாழ்த்த வேண்டும். 228 பேர் போய்விட்டார்கள். அந்த விமானிகளைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பழக்கம் அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. என் பயமும் இதுதான். எல்லாம் தானே ஓடுகிறவரை நாம் வேண்டாம். கெடுகிற நிமிடத்தில் மட்டும் "இந்தா, நீ பார்த்துக்கொள்" என்று கையில் திணிக்கும். நானே வழி காட்டும் குரலுக்குப் பழகி, பத்து முறை போன வீட்டுக்கு வழி மறந்து தெருமுனையில் நின்றிருக்கிறேன், சிரிக்காதே.

ரிப்பேர் விஷயமும் அப்படித்தான். 1888இல், கார் செய்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்தா பென்ஸ், இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, கணவருக்குக்கூடச் சொல்லாமல், அவர் காரை நூறு கிலோமீட்டருக்குமேல் ஓட்டிப்போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் பிரேக்குக்குத் தோல் அடித்துக்கொண்டார். இன்றைக்கு டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் லேப்டாப்பை மாட்டினால்தான் என்னவென்று தெரியும். ஒரு பட்டறையில் பாதி நாள் உட்காரவைத்து, கடைசியில் பெட்ரோல் டாங்க் மூடி சரியாக இறுகவில்லை என்றார்கள்.

மருத்துவர் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மகள் இங்கே வருகிறாள். என் வண்டியில் கியர் பழக வேண்டுமாம். அவளாகக் கேட்டாள், நான் தூண்டிவிடவில்லை. இரண்டு வாரம் அவள் இடது காலுக்கு வேலை, என்னுடையதற்கு ஓய்வு.

நீயும் அப்போதே வா, உன் காரிலேயே. ஒரு நாள் முழுக்க நான் அதை ஓட்டிப் பார்க்கிறேன்; தீர்ப்பை என் முட்டி சொல்லட்டும். பதிலுக்கு நீ என் வண்டியை மலை வரைக்கும் ஓட்ட வேண்டும். புது பிளேட் போட்டு இரண்டு மாதம்தான் ஆகிறது. தயவுசெய்து காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டு ஓட்டு.

என்றும் உன்,
எதிர்க்கட்சிக்காரன்