யார் கள்ளன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கலிபோர்னியா தங்க வேட்டையைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, "அந்நாளில் தனியார் அடித்த பொற்காசுகள் எல்லாம் கள்ள நாணயங்களே" என்ற வரி வரும் வரைக்கும். எழுதியவர் உரைகல்லைக் கையால் தொட்டதில்லை என்று அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது.

கள்ள நாணயம் என்றால் அரசாங்கக் காசு மாதிரியே செய்து ஏமாற்றுவது. இவர்களோ தங்கள் கம்பெனி பெயரையே காசில் பொறித்தார்கள். அமெரிக்க அரசியல் சட்டம் மாநிலங்கள் காசடிக்கக் கூடாது என்றுதான் சொன்னது, தனி ஆட்களைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர்களுக்குத் தடை வந்தது 1864-இல். தங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது 1848, சான் பிரான்சிஸ்கோவில் நாணயச்சாலை திறந்தது 1854. நடுவில் ஆறு வருஷம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? சாராயக் கடையில் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை தங்கப் பொடி எடுத்தால் ஒரு டாலர் என்று கணக்கு, விரல் தடித்தவனுக்கு லாபம்! அதற்கு அங்கே தனியாராகக் காசடித்த மொஃபாட் கம்பெனியின் காசு எவ்வளவோ மேல்.

எங்கள் அப்பாவுக்கு நகைப் பட்டறை. நானும் நாற்பது வருஷம் ஊதுகுழலும் குறடுமாக இருந்தவன். அதனால் சொல்கிறேன், வட கரோலினாவில் 1831-இல் காசடிக்கத் தொடங்கிய பெக்ட்லர் என்ற ஜெர்மன்காரர் தம் ஐந்து டாலர் காசில் 20 காரட், 150 கிரெயின் என்று மாற்றையும் எடையையும் பொறித்திருந்தார். கணக்குப் போட்டால் சுத்தத் தங்கம் 125 கிரெயின் வருகிறது. அப்போதைய அரசாங்க ஐந்து டாலரில் 123.75தான். சரி, யார் கள்ளன்? ஒரிகானில் 1849-இல் பீவர் என்ற நீர்ப்பிராணியின் படம் போட்டு அடித்த காசிலும் தங்கம் கூடுதல்தான், அதனாலேயே பெரும்பாலானவற்றை உருக்கித் தீர்த்துவிட்டார்கள். டென்வரில் காசடித்த கிளார்க் குரூபர் கம்பெனியின் பட்டறையை 1863-இல் அரசாங்கமே விலைக்கு வாங்கியது.

மட்டமான காசும் உண்டு, மறைக்கவில்லை. சால்ட் லேக் சிட்டியில் மார்மன்கள் என்ற மதப் பிரிவினர் அடித்த இருபது டாலரில் பதினெட்டு டாலருக்குக் கூடத் தங்கம் இல்லை. ஜார்ஜியாவில் 1830-இல் டெம்பிள்டன் ரீட் அடித்த பத்து டாலரில் 9 டாலர் 38 சென்ட் தங்கம்தான் இருக்கிறது என்று ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், சொந்தப் பெயரைக் கூடப் போடாமல். அதையும் அச்சிட்டார்கள். கொஞ்ச நாளில் ரீட் காசடிப்பதையே நிறுத்திவிட்டார். பெயர், விலாசத்தோடு நான் எழுதிய மூன்று கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் எந்த மூலையில் கிடக்கின்றனவோ! அதில் ஒன்று, அட்சய திருதியை இதழில் சேதாரத்தையும் செய்கூலியையும் ஒன்றாக்கிக் குழப்பியிருந்தீர்களே, அதைப் பற்றி.

போன வருஷம் ஓர் அவசரத்துக்கு எட்டு கிராம் காசு ஒன்றை வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். அவர்கள் விற்ற காசு, அவர்கள் கடை முத்திரை. "உருக்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் சார்" என்றான் கவுண்டரில் இருந்த பையன். அப்புறம் கழிவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். பெக்ட்லர் செத்து நூற்றெண்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவரைக் கள்ளன் என்று எழுதலாம். இந்தக் கடைக்காரரை எழுத முடியுமா? பின்னட்டை விளம்பரம் யார் கொடுப்பது?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஓர் ஓரத்தில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். அப்புறம், மூன்றாவது கடிதத்தோடு அப்பாவின் பட்டறைப் படம் ஒன்று அனுப்பியிருந்தேன், என்னிடம் இருந்தது அந்த ஒரு பிரதிதான். தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளேயே வைத்திருந்தேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர், கும்பகோணம்
(பெயர், விலாசம் இந்தத் தடவையும் தனித்தாளில்)