பிரசங்கத்தோடு நின்றால் போதுமா?

பருவநிலை மாற்றத்தில் சமயங்களின் பொறுப்பு குறித்த தலையங்கம் படித்தேன். ஏதேன் தோட்டத்தை ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனிதன் வைக்கப்பட்டான் என்கிறது பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் (2:15). 2015-இல் போப் பிரான்சிஸ் சுற்றுச்சூழலுக்கென்றே ஒரு சுற்றுமடல் (போதனைக் கடிதம்) வெளியிட்டார். ஆக, போதனைக்குக் குறைவில்லை. ஆலய வளாகத்துக்குள்தான் அது நடைமுறைக்கு வர மாட்டேன் என்கிறது. நான் செல்லும் ஆலயத்தில் படைப்பைப் பற்றி உருக்கமான பிரசங்கம் முடிந்த கையோடு பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் தருகிறார்கள். குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது. (தேநீர் நன்றாகவே இருக்கும், அது வேறு விஷயம்.)

செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை பல திருச்சபைகள், இயற்கைக்காக ஜெபித்துச் செயல்படும் ‘படைப்பின் காலம்’ அனுசரிக்கின்றன. அந்நாட்களில் காணிக்கைக் கணக்கோடு ஆலயத்தின் மின்சார, குப்பைக் கணக்கையும் சபையார் முன் வாசிக்கலாமே.