பெற்றோரின் கும்பிட்ட கைகள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. கொரோனா காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது தொடங்கிய வகுப்பு வாட்ஸ்அப் குழுக்கள் இன்றும் பல பள்ளிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சுற்றறிக்கை, போட்டி அறிவிப்பு, விழாப் புகைப்படம் என்று நாள் முழுவதும் ஏதாவது வந்து விழுகிறது. பெற்றோரும் கும்பிட்ட கைகள் எமோஜியை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள். அறிக்கையில் இதற்குப் பெயர் பெற்றோர் பங்கேற்பு!

பேச விடாமல் அவர்களைத் தடுப்பது எது? முதலில் நம் மொழிநடை. 'பெற்றோர் தவறாது வருகை புரியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்பதற்கு யார் பதில் எழுதுவார்கள்? நூறு நாள் வேலைக்குப் போய்வரும் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பதே பாடு. அதையே ஆசிரியர் தம் குரலில் ஒரு நிமிடம் பதிவு செய்து அனுப்பினால் அவர் கேட்பார், தம் குரலிலேயே பதிலும் சொல்வார். பிள்ளை வீட்டில் எப்படிப் படிக்கிறான், ஏன் இரண்டு நாளாக வரவில்லை என்பதெல்லாம் அப்படித்தான் நமக்குத் தெரியவரும்.

அடுத்தது, தயங்கித்தான் எழுதுகிறேன், பெண்களின் கைப்பேசி எண். சாதாரணக் குழுவில் ஒருவர் எண் எல்லோர் கண்ணிலும் படும். வேண்டாத அழைப்பு ஒன்று வந்தால் போதும், வீட்டார் அந்த அம்மாவைக் குழுவிலிருந்து விலகச் சொல்லிவிடுவார்கள். பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை. அறிவிப்புகளை அதில் போட்டுவிட்டு, தனிப்பட்ட பேச்சை ஆசிரியரோடு நேரடியாக வைத்துக்கொள்ளலாம். இதை எத்தனை ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊர் பார்க்கப் பிள்ளையின் மதிப்பெண் குறைந்து நின்றால், அந்தத் தகப்பன் பள்ளிப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

பல வீடுகளில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும். பதில்களும் இரவு பத்து மணிக்கு, ஆசிரியரின் சொந்த எண்ணுக்கு வருகின்றன. ஆகவே பள்ளிக்கென்று ஒரு சிம் கார்டு கொடுங்கள். மாலையில் பெற்றோருக்குப் பதில் சொல்ல ஒரு மணி நேரத்தைக் குறித்து, அதைப் பணி நேரமாகவே கணக்கிடுங்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் கூட்டத்தின் தீர்மானப் பக்கத்தைப் படமெடுத்து அன்றைக்கே பெற்றோர் குழுவில் போடச் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவு சரிசெய்யப்படும் என்று எழுதியிருந்தால், அடுத்த மாதம் யாராவது ஓர் அம்மா அதைப் பற்றிக் கேட்பார். கேட்கட்டும்.

இதற்கென்று புதிதாக ஒரு செயலி மட்டும் வேண்டாம். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் துறையின் எமிஸ் தளத்தில் பதிவேற்றவே எங்களுக்கு நேரம் போதவில்லை. அடுத்த பணியிடைப் பயிற்சியில் இதற்காக அரை நாள் ஒதுக்குங்கள், அந்த அரை நாளில் பெற்றோர் சிலரையும் அழைத்துப் பேசவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை