கோணிய கோப்பைகள் பற்றி, பாப்பாவுக்கு

விருத்தாசலம்

அன்பு பாப்பா,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கோப்பைகள் பாதிக்கு மேல் கோணிப்போயிருக்கின்றன. போர்சலின் என்கிற இந்த வெள்ளைப் பீங்கான் ஒத்துவரவில்லை, அடுத்த செமஸ்டரில் ஒளி ஊடுருவாத கெட்டிப் பாண்டமான ஸ்டோன்வேருக்கே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறாய். போகாதே என்றுதான் சொல்வேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

போர்சலின் சூளைக்குள் பாதி உருகுகிற பொருள். சூடு 1300 டிகிரியை நோக்கி ஏறும்போது பெல்ஸ்பார் என்ற கனிமம் உருகிக் கண்ணாடியாகி மற்றதையெல்லாம் கட்டிப் பிடிக்கிறது. வெளிச்சம் ஊடுருவுவது அதனால்தான். வளைவதும் அதே காரணத்தால்தான். சீனாவின் ஜிங்டெஜென்னில் இருந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1712இல் எழுதிய கடிதத்தில், அங்குள்ள வியாபாரி ஒருவர் சொன்னதைக் குறித்திருக்கிறார். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்தான் எலும்பு, சூட்டில் உருகுகிற பெதுன்சே என்கிற கல் சதை. ஐரோப்பியர்கள் அந்தக் கல்லை மட்டும் ஊருக்கு எடுத்துப்போய்ப் பீங்கான் செய்யப் பார்த்தார்களாம். எலும்பில்லாமல் சதை மட்டும் எப்படி நிற்கும் என்று அந்த வியாபாரி சிரித்தாராம். முந்நூறு வருஷம் கழித்தும் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெளிச்சம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று நீ பெல்ஸ்பாரைக் கூட்டினாயா? முதலில் அதைப் பார். ஒரே கனத்தில் பட்டைகள் செய்து, ஒவ்வொன்றிலும் பெல்ஸ்பார் அளவைக் கொஞ்சம் மாற்றி, இரண்டு தாங்கிகளின் மேல் பாலம் மாதிரி வைத்துச் சுடு. எது எவ்வளவு தொய்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுது. கோப்பையைத் திரும்பச் செய்வதற்கு முன்னால் இதைச் செய்துவிடு.

அப்புறம் வடிவம். உன் கோப்பையின் வாய் அகலம், சுவர் நேர், விளிம்பு மெல்லிசு. மூன்றும் சேர்ந்தால் வாய்க்குப் பிடிமானம் இருக்காது. விளிம்பை லேசாக வெளியே திருப்பினாலோ, கொஞ்சம் கனம் விட்டாலோ வட்டம் நிற்கும். கைப்பிடி ஒட்டிய பக்கம் எப்போதும் இழுக்கும். கோப்பையும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டினாயா? இன்னொன்று, அச்சிலிருந்து எடுக்கும்போது ஈரக் கோப்பை கொஞ்சம் நசுங்கினால் நாம் விரலால் நிமிர்த்திவிடுகிறோம், பார்வைக்குச் சரியாகிவிடும். ஆனால் சூளையில் அது பழைய கோணலுக்கே திரும்பும். பெரிய தொழிற்சாலைகளில் பிஸ்கட் போடும்போது, அதாவது பளபளப்புப் பூச்சான கிளேஸ் தருவதற்கு முன் முதல் தடவை சுடும்போது, கோப்பைகளை வாயோடு வாய் கவிழ்த்து ஜோடியாக அடுக்குவது வட்டத்தைக் காப்பாற்றத்தான். சுருக்கம் வேறு இருக்கிறது. நீ 100 மில்லிமீட்டர் வரைந்தால் கைக்கு வருவது 86, 87தான்.

இதையெல்லாம் டெக்னீஷியன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதே. நான் செராமிக் டிப்ளமோ படித்தபோது மண், சேர்மானம், சூளை எல்லாம் கற்றுக்கொண்டேன். ஒரு கோப்பை கையில் எப்படி உட்கார வேண்டும் என்பது எங்கள் பாடத்திலேயே இல்லை. உனக்கு அது கிடைக்கிறது. நீ படிக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடி 1961இல் தொடங்கியதற்கே அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி 1958இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கைதான் காரணம். அதில் அவர்கள் நம் செம்பைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள்! எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படி நிற்கும், தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, ஊற்றும்போது எப்படி வரும். அந்தக் கேள்விகளும் பெல்ஸ்பார் கணக்கும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. போர்சலினில் நீ நிற்க வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான். ஸ்டோன்வேர் நிறையப் பொறுத்துக்கொள்ளும், இது பொறுக்காது. தவறு எங்கே என்று உடனே காட்டிவிடும்.

நம் தொழிற்பேட்டையில் கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு இரவு பகலாக ஓடுகிறது. பொம்மை அச்சுகள் பல வருஷமாக அதே அச்சுகள்தான். கை வேலைக்குக் குறையில்லை, புது வடிவம் யோசிக்கத்தான் ஆள் இல்லை. நீ இங்கே வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் பண்ணினாலும் சரி, தனியாக ஸ்டுடியோ வைத்தாலும் சரி. ஜெய்ப்பூர் போனால் புளூ பாட்டரி என்கிற நீல வண்ணப் பாத்திரங்கள் செய்கிற இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார். குவார்ட்ஸ் தூளும் கண்ணாடித் தூளும்தான் அதில் முக்கியம், களிமண் பாத்திரமே கிடையாது. எனக்கு அது இன்னும் ஆச்சரியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒர்க்‌ஷாப் தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத் துணியால் துடை. கிளேஸ் பவுடர் கலக்கும்போதும், காய்ந்த பாத்திரத்தைத் தேய்க்கும்போதும் சரியான மாஸ்க் போடு, துணி மாஸ்க் போதாது. சிலிக்கா தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. என்னோடு வேலை பார்த்தவர்கள் வயதான பிறகு மாடிப்படி ஏற முடியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மாஸ்க்குக்குச் சேர்த்துத்தான் இந்த மாதம் பணம் போட்டிருக்கிறேன், வேறு செலவுக்கு எடுத்துவிடாதே. பட்டை டெஸ்ட் முடிந்ததும் அளவுகளை அனுப்பு, சேர்மானத்தை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். தீபாவளிக்கு வரும்போது உன் கோப்பையின் மாடலைக் கையோடு கொண்டு வா. பிளாஸ்டர் வாங்கி வைக்கிறேன், அச்சை இங்கேயே எடுத்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா