புள்ளிக்கு முன்னால் ஒரு சுழி

அன்பு மகளுக்கு,

மருந்தின் அளவை மில்லிகிராமிலிருந்து மைக்ரோகிராமுக்கு எப்படித் தவறில்லாமல் மாற்றுவது என்று நேற்றிரவு தொலைபேசியில் நீ கேட்டதற்கு அப்போதே விடை சொல்லியிருக்கலாம். ஆனால் எழுத்தில் இருந்தால் வார்டில் ஓய்வு கிடைக்கும்போது எடுத்துப் படித்துக்கொள்வாய் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிராம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோகிராம். ஆகவே இதய மருந்தான டிகாக்சினின் மாத்திரை அட்டையில் உள்ள 0.25 மில்லிகிராமும் மருத்துவர் எழுதிய 250 மைக்ரோகிராமும் ஒன்றே. அலகு சிறுத்தால் எண் பெருக வேண்டும், அலகு பெருத்தால் எண் சிறுக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் புள்ளியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்ற குழப்பம் வராது.

மருந்தாளுநராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சீட்டில் சுழியில்லாமல் '.5 மில்லிகிராம்' என்று எழுதியிருந்ததை நான் 5 என்று படித்துவிட்டேன். 0.25 மில்லிகிராம் மாத்திரைகளை எண்ணத் தொடங்கியபோது, ஒரே வேளைக்கு இருபது மாத்திரை என்று கணக்கு வந்ததால்தான் கை நின்றது. கொடுக்க வேண்டியது இரண்டே இரண்டு. அன்றிலிருந்து புள்ளிக்கு முன்னால் சுழி போடாமல் நான் எழுதியதில்லை. முழு எண்ணுக்குப் பின்னால் சுழி போட்டதும் இல்லை, ஏனென்றால் புள்ளி மங்கினால் 1.0 என்பது 10 ஆகிவிடும். மைக்ரோகிராம் என்பதையும் குறியீடாகச் சுருக்காமல் முழுச் சொல்லாகவே எழுது. அவசரக் கையெழுத்தில் அது மில்லிகிராமாகத் தெரிந்தால் மருந்து ஆயிரம் மடங்காகிவிடும்.

குழந்தைகள் வார்டில் இன்னொரு படி கூடுதலாக உண்டு. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் என்றால் 180 மில்லிகிராம்; 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது 3.6 மில்லிலிட்டர். மில்லிகிராமையும் மில்லிலிட்டரையும் ஒன்றாக எண்ணிவிடாதே; சிரப்பின் செறிவு புட்டிக்குப் புட்டி மாறும், ஆகவே ஒவ்வொரு முறையும் லேபிளைப் படி.

ஆஸ்பிரின் ஏன் 325 என்ற ஒழுங்கற்ற எண்ணில் வருகிறது என்றும் கேட்டாய். கிரெயின் என்ற பழைய எடையில் ஒன்று ஏறத்தாழ 65 மில்லிகிராம். ஐந்து கிரெயின்தான் அந்த 325.

அம்மாவுக்குத் தைராய்டு மருந்தான தைராக்சினை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அது எத்தனை மில்லிகிராம் என்று, சுழியைச் சரியாகப் போட்டு, எனக்கு எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா