பெட்ரோல் ஓஸுக்குக் கட்டுக்கம்பி வேண்டாம்: நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் பழைய அம்பாசிடர் ஒன்று வைத்திருக்கிறேன். 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. அதுவும் பத்மினி காரும் இன்னும் நம்ம பக்கத்து ரோட்டில் ஓடுகின்றன என்றால் அது உங்கள் கைவேலை. அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: பெட்ரோல் போகும் ரப்பர் குழாயான ஓஸைக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கட்டாதீர்கள்.

சமீபத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுத்துவந்து பானட்டைத் திறந்தால், பம்பிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குப் போகும் ஓஸின் முனையில் கட்டுக்கம்பி இருந்தது. ரப்பரை அறுத்துக்கொண்டு பாதிவரை இறங்கியிருந்தது. அந்த வெட்டில் ஈரம். தொட்ட விரலில் பெட்ரோல் வாடை. இந்த இன்ஜினில் கார்புரேட்டரும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம்தான். மேலே சொட்டினால் கீழே கொதிக்கும் இரும்பில் விழும். மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிற பொருள் பெட்ரோல். நம்ம ஊர் சித்திரை வெயிலில், அதுவும் மூடிய பானட்டுக்குள், கேட்கவா வேண்டும்?

டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பக்கம் இன்னொரு விதமாக ஏமாற்றும். அங்கே பம்ப் உறிஞ்சுகிறது. அதனால் ஓஸைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டையான கிளாம்ப் தளர்ந்தால் பெட்ரோல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் திணறும். உடனே பம்பை மாற்று, கார்புரேட்டரைக் கழற்று என்று செலவு கிளம்பும். தயவுசெய்து முதலில் அந்த ஓஸின் இரண்டு முனைகளையும் பாருங்கள்.

சரி, கிளாம்ப் போட்டால் போதுமா என்றால், அதிலும் விஷயம் இருக்கிறது. ரேடியேட்டர் ஓஸுக்கு வரும் பெரிய கிளாம்பைக் கடைசி வரை திருகி மெல்லிய பெட்ரோல் ஓஸில் போட்டால் அது வட்டமாக இறுகாது, முட்டை வடிவில் நசுங்கும். திருகு இருக்கும் இடத்தில் இடைவெளி விழும், கசிவு அங்கேதான் தொடங்கும். பட்டை முழுக்கக் காடி வெட்டிய கிளாம்பை அழுத்தித் திருகினால், ரப்பர் அந்த ஓட்டைகளில் பிதுங்கி வெட்டுப்படும். பட்டையில் ஓட்டை இல்லாமல், ஓரம் வெளிப்பக்கம் மடிந்து, சின்ன போல்ட் நட்டால் இறுகும் கிளாம்ப்தான் இந்த வேலைக்குச் சரி. ஓஸைக் குழாயில் ஓர் அங்குலமாவது ஏற்றுங்கள். குழாய் முனையில் புடைப்பு இருந்தால் கிளாம்ப் அதன் மேல் உட்காரக் கூடாது, அதைத் தாண்டி உட்கார வேண்டும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கவும் வேண்டாம்.

அப்புறம் ஓஸ். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி உப்பும், காய்ந்தால் விரிசல் விடும். அந்த ஓஸில் எவ்வளவு நல்ல கிளாம்ப் போட்டும் பயனில்லை. மேலே 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்ற தரக்குறி அச்சிட்ட ஓஸ் எத்தனாலைத் தாங்கும். கடைக்காரர்கள் மீட்டர் கணக்கில் அதையும், கூடவே அதன் வெளிச்சுற்றுக்குப் பொருந்தும் சின்ன கிளாம்புகளையும் வாங்கி வையுங்கள். இப்போதெல்லாம் இதற்காக ஓசூர் வரை போக வேண்டியிருக்கிறது.

புது ரப்பர் சில நாள் சூடேறி ஆறியதும் கொஞ்சம் அமுங்கும், கிளாம்ப் தளரும். அதனால் வண்டியைக் கொடுக்கும்போதே, "ஒரு வாரம் ஓட்டிட்டு வாங்க, ஒரு தடவை இறுக்கித் தரேன்" என்று சொல்லி அனுப்புங்கள். அந்த வேலைக்கும் கூலி கேளுங்கள். மனதாரத் தருகிறோம்.

இப்படிக்கு,
தர்மபுரியிலிருந்து ஓர் அம்பாசிடர்காரன்