மெழுகு என்று சொன்ன முகம்

தம்பி,

நேற்றோடு ஒரு வருஷம். அந்த முகம் யாருடையது என்று இங்கே எழுதமாட்டேன். நம் பேட்ச் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள்.

நீ கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகச் செதுக்கிய அந்த முகத்தின் ரெண்டர், அதாவது முடிவான படம், புரொஜெக்டரில் விழுந்ததும், அத்தனை பேர் முன்னால் "இது மனுஷன் இல்ல, மெழுகு" என்றேன். நீ திரையைப் பார்க்கவில்லை. மவுஸ் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாய்.

போன வாரம் உன் ஃபைலைத் திறந்து அளந்தேன். தாடையிலிருந்து உச்சி வரை 2 சென்டிமீட்டர். செதுக்கும் மென்பொருளான ஸீபிரஷ்ஷில் கோளத்தில் தொடங்கிய உருவம் சுமார் 2 யூனிட்தான் இருக்கும். உருவத்தை வெளியே எடுத்துப்போகும் ஓபிஜே ஃபைலில் அது சென்டிமீட்டரா மீட்டரா என்ற தகவல் வராது. அடுத்து அதைத் திறந்த மாயா மென்பொருள் 2 சென்டிமீட்டராக எடுத்துக்கொண்டது. நிஜத் தலை ஏறக்குறைய 23. தோலுக்கு நீ போட்டிருந்த ஒளிச் சிதறல் தூரமோ (ஒளி தோலுக்குள் பரவும் தூரம்) நிஜ அளவு: சிவப்புக்கு 3.67 மில்லிமீட்டர், பச்சைக்கு 1.37, நீலத்துக்கு 0.68. ஹென்ரிக் வான் ஜென்சன் குழுவின் 2001 கட்டுரையின் அளவீடுகளிலிருந்து கணக்கிட்டு நானே போர்டில் எழுதிப்போட்ட எண்கள். அந்தக் குட்டித் தலையில் மூக்கின் மொத்த அகலமே 3 மில்லிமீட்டர்தானே! சிவப்பு ஒளி இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. கன்ன மடிப்பு, நெற்றிக்கோடு எல்லாம் அதில் கரைந்துபோயின.

ஸ்கல்ப்ட்டில், அதாவது நீ செதுக்கிய உருவத்தில், குறையில்லை. பரப்புக்குத் தோலின் தன்மை தரும் ஷேடரை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத்தில் சுற்றிப் பார்த்தேன். இரு பக்கமும் ஒன்றுபோலச் செதுக்கும் சிமெட்ரியை அணைத்துவிட்டு இடது புருவத்தை இறக்கியிருக்கிறாய். பல் விழுந்த பக்கம் உதடு லேசாக உள்ளே போயிருக்கிறது. அவர் எதிரே எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாயோ.

அளக்காமல் பேசியது என் தப்புதான். ஆனால் சாம்பல் ரெண்டர், உருவத்தைக் கம்பிவலையாகக் காட்டும் வயர்ஃப்ரேம், தோல் ரெண்டர் என மூன்றும் கேட்டிருந்தேன். நீ ஒன்றைத்தான் கொடுத்தாய். மற்ற இரண்டும் இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. அதன்பிறகு ஒரு போன் கூட இல்லை. வெளியே நீ சொன்னதாக என் காதுக்கு வந்தவற்றை இங்கே இழுக்க வேண்டாம்.

கண்ணை மட்டும் இப்போதும் விடமாட்டேன். இமையைச் செதுக்கி முடித்த பிறகு கண்கோளத்தை உள்ளே தள்ளியிருக்கிறாய். தலைகீழ். முதலில் 24 மில்லிமீட்டர் கோளம், அதன்மேல் கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலமான கார்னியாவின் மேடு, பிறகுதான் அதை ஒட்டி இமை. உன் இமை விளிம்பு காகிதம் மாதிரி இருக்கிறது. நிஜத்தில் அங்கே 2 மில்லிமீட்டர் தடிப்பு உண்டு. கண்ணீர்க்கோடு நிற்பது அதன்மேல்தான். அந்த ஈரப் பளபளப்பு இல்லாததால் பார்வையில் உயிர் வரவில்லை. விளிம்பை உள்பக்கம் எக்ஸ்ட்ரூட் செய்து (இழுத்து நீட்டி) இரண்டு லூப், அதாவது சுற்றுக்கோடு, கொடு. கண்ணைச் சுற்றிய லூப்பில் முக்கோணம் வைத்திருக்கிறாய், இமை மூடும்போது அங்கேதான் சுருங்கும். அதையும் எடு.

தலையை 11.5 மடங்கு பெரிதாக்கி ஃப்ரீஸ் செய், அந்த அளவே நிலையாகட்டும். தோலின் நுண்ணிய மேடுபள்ளம் தரும் டிஸ்ப்ளேஸ்மென்ட் உயரத்தையும் அதே 11.5-ஆல் பெருக்க மறந்துவிடாதே, இல்லையென்றால் தோல் துளைகள் மழுங்கிவிடும். சிதறல் எண்களைத் தொடவே வேண்டாம், அவை சரி.

நான் செய்து பார்க்கவில்லை. அது உன் கையால் நடக்கட்டும். ஃபைல் பழைய ஃபோல்டரிலேயே, நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது.